பழைய எம்டிஎஸ்-ல கோடிங் தப்பு கண்டுபிடிச்சா எதைத் திருத்தணும், எதைத் தொடக்கூடாது

ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. அமெரிக்காவுல ஒரு நர்ஸிங் ஹோம்ல எல்பிஎன்-ஆ (ஆர்என்ங்கற ரெஜிஸ்டர்டு நர்ஸுக்கு ஒரு படி கீழ உள்ள நர்ஸ்) இருந்து எம்டிஎஸ் ரூமுக்கு, அதாவது அங்க தங்கியிருக்கற ஒவ்வொருத்தர் நிலைமையையும் கோட் போட்டு அரசாங்கத்துக்கு அனுப்பற வேலைக்கு, மாறி ரெண்டு மாசம் ஆகுதாம். முன்னாடி இருந்தவங்க வேலையை விட்டுப் போயிட்டாங்க, பழைய ரெக்கார்டைப் பாத்துட்டு வந்தப்போ மூணு விஷயம் கண்ணுல பட்டுதாம். ஒண்ணு, அஞ்சு மாசத்துக்கு முந்தின குவார்ட்டர்லில (மூணு மாசத்துக்கொருதரம் போடற எம்டிஎஸ்) ஒரு பாட்டியோட முதுகடியில வந்த படுக்கைப் புண்ணை ஸ்டேஜ் 2ன்னு போட்டிருக்கு, ஆனா அதே வாரம் புண்ணைப் பாக்கற ஊண்ட் நர்ஸ் எழுதின நோட்ல "மஞ்சளா ஸ்லஃப் இருக்கு"ன்னு இருக்கு (ஸ்லஃப்ன்னா புண்ணு அடியில படியற செத்த திசு). ரெண்டாவது, சாயங்காலம் ஹாஸ்பிட்டல் எமர்ஜென்சிக்கு (ஈஆர்) போயி ராத்திரி 2 மணிக்கே திரும்பி வந்த ஒரு தாத்தாவுக்கு டிஸ்சார்ஜும் என்ட்ரியும் போட்டு அனுப்பியிருக்காங்க. மூணாவது, ஒருத்தரை "திரும்பி வரமாட்டார்"னு டிஸ்சார்ஜ் கோட் பண்ணியிருக்கு, அவர் மூணே வாரத்துல திரும்பி வந்துட்டார். நர்ஸிங் தலைவர் டிஓஎன் கிட்ட சொன்னா "பழசைக் கிளறாத, சர்வே வர்ற நேரம்"னு சொல்லிட்டாங்களாம் (சர்வேன்னா அரசாங்கச் சோதனை). என்னக்கா பண்றதுன்னு கேக்கறாங்க.

மூணும் ஒரே மாதிரி தப்பு மாதிரி தெரியும், ஆனா மூணுக்கும் மூணு பதில் இருக்கும்மா. மூணாவது தப்பே இல்ல. ஒவ்வொண்ணா வரேன்.

மொதல்ல ஒரு சின்ன விஷயம், ஊர்ல சென்னை, திருச்சி, கோயம்புத்தூர்ல மெடிக்கல் கோடிங் படிச்சுட்டு வேலை பாக்கறவங்களும் இதைப் படிப்பீங்க. நீங்க பண்றது டாக்டர் எழுதினதை வச்சு இன்ஷூரன்ஸ் கிளெய்முக்கு ஐசிடி-10 நோய்க் கோட் போடறது. எம்டிஎஸ் கோடிங் வேற. அதுலயும் ஐசிடி கொஞ்சம் வரும், ஆனா பெரும்பாலும் ஒரு ஆளை ஏழு நாள் பாத்து, பேசி, கூட இருந்த எய்டுங்க எழுதினதைப் பாத்து, "இவர் எப்படி இருக்கார்"ங்கறதை நம்பரா மாத்தறது. 1987-ல வந்த ஓப்ரா சட்டத்துக்கு அப்புறம் மெடிகேர், மெடிகெய்ட்ங்கற அரசாங்க இன்ஷூரன்ஸ் பணம் வாங்கற எல்லா நர்ஸிங் ஹோமும் இதைச் செய்யணும்னு ஆச்சு. இப்போ நாம போடற எம்டிஎஸ் 3.0 வந்தது 2010 அக்டோபர் 1. 2019 அக்டோபர் 1-லேர்ந்து பிடிபிஎம்ங்கற பணம் கணக்கிடற முறை வந்தப்புறம் மெடிகேர் பார்ட் ஏ பணமும் பெரும்பாலும் இந்த நம்பரை வச்சுத்தான் வருது. அதனாலதான் ஒரு கட்டம் மாறினா கேர் பிளான், ஸ்டார் ரேட்டிங், பில் மூணும் ஒண்ணா ஆடும்.

சரி விஷயத்துக்கு வருவோம். பழைய எம்டிஎஸ்-ஐத் தொடறதுக்கு முன்னாடி நான் எப்பவும் கேட்டுக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: அந்த ஏஆர்டி-க்கு (அசெஸ்மென்ட் கணக்கு முடியற தேதி), அந்த லுக்பேக் நாளுக்குள்ள (அந்தத் தேதிலேர்ந்து பின்னோக்கிப் பாக்கற நாட்கள்), நெஜமா என்ன இருந்துச்சு? இன்னைக்கு என்ன இருக்குங்கறது இல்ல, இப்படி இருந்திருந்தா நல்லா இருக்குமேங்கறதும் இல்ல. அன்னைக்கு இருந்தது ஒண்ணு, நாம அனுப்பினது வேற ஒண்ணுன்னா திருத்தணும். அன்னைக்கு இருந்ததைத்தான் அனுப்பியிருக்கோம், அப்புறம் நிலைமை மாறிடுச்சுன்னா அதைத் தொடக்கூடாது. உங்க மூணாவது கேஸ் அதுதான். டிஸ்சார்ஜ் பண்ற அன்னைக்கு அந்த மனுஷன் மக வீட்டுக்குப் போறார், இனி வரமாட்டார்னு எல்லாரும் நினைச்சாங்க, சோஷியல் வொர்க்கர் நோட்லயும் அப்படித்தான் இருக்கும். அப்போ ஏ0310எஃப்-ல 10ன்னு (திரும்பி வரமாட்டார்) போட்டது சரி. அப்புறம் அங்க சமாளிக்க முடியாம திரும்பி வந்தா அது புது அட்மிஷன், என்ட்ரி ரெக்கார்டுல அட்மிஷன்னு போட்டு, அட்மிஷன் அசெஸ்மென்ட் மறுபடி மொதல்லேர்ந்து. வேலை மிச்சமாகுமேன்னு பழைய 10-ஐ 11-ஆ (திரும்பி வருவார்) மாத்தி ரீஎன்ட்ரியா காட்டறவங்களைப் பாத்திருக்கேன். அது திருத்தம் இல்ல, கதை எழுதறது. ஆனா அன்னைக்கே ஹாஸ்பிட்டலுக்கு அனுப்பி "பெட் ஹோல்ட்" போட்டு (படுக்கையை அவருக்காகவே வச்சிருந்து), வருவார்னு எழுதிவச்சுட்டு, எம்டிஎஸ்-ல மட்டும் கை தவறி 10 விழுந்திருந்தா அது தப்பு, மாடிஃபை பண்ணலாம். நம்பர் ஒண்ணுதான், அன்னைக்கு சார்ட்ல என்ன இருக்குங்கறதுதான் வித்தியாசம்.

இதுக்கு நேர் எதிர் மாதிரி தெரியற ஒரு விஷயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன், ஏன்னா இங்கதான் நிறைய பேர் குழம்பறாங்க. நான் இந்த வேலைக்கு வந்த மொத வருஷம். ஒரு பாட்டி வெள்ளிக்கிழமை பாத்ரூம் வாசல்ல விழுந்துட்டாங்க. போர்ட்டபிள் எக்ஸ்ரே வந்து ஒண்ணுமில்லன்னு ரிப்போர்ட், முழங்கையில சிராய்ப்பு மட்டும். திங்கக்கிழமை ஏஆர்டி, ஜே1900-ல "பெரிய காயம் இல்லாத காயம்"ங்கற பி-ல 1 போட்டு முடிச்சு அனுப்பியாச்சு, அக்செப்ட்டும் ஆயிடுச்சு. பத்து நாள் கழிச்சும் பாட்டி கால் ஊனவே மாட்டேங்கறாங்க, தெரபிக்குக் கூப்பிட்டா அழறாங்க, சிடி எடுத்தா இடுப்பு எலும்புல விரிசல். இப்போ என் ரெக்கார்டு தப்பா சரியா? நான் போட்டப்போ எனக்குத் தெரியாதுதான். ஆனா எலும்பு அன்னைக்கே உடைஞ்சிருந்துச்சு, நமக்குத்தான் தெரியல. எம்டிஎஸ் போடறதுக்கான ஆர்ஏஐ மேனுவல்ல இதுக்குன்னே சொல்லியிருக்கு, லுக்பேக்குள்ள நடந்த ஃபாலோட காயம் எவ்வளவுன்னு ஏஆர்டி-க்கு அப்புறம் தெரிஞ்சு, அது அனுப்பினதுலேர்ந்து மாறுபட்டா, அந்த அசெஸ்மென்ட்டை மாடிஃபை பண்ணியே ஆகணும். பி-ல இருந்ததை எடுத்து சி-ல, மேஜர் இஞ்சுரில போட்டேன். அந்த இடத்து அட்மினிஸ்ட்ரேட்டருக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு, மேஜர் இஞ்சுரி ஃபால் ஒரு குவாலிட்டி மெஷர், கேர் கம்பேர் வெப்சைட்ல ஊர் உலகமே பாக்கும். "அடுத்த அசெஸ்மென்ட்ல பாத்துக்கலாமே"ன்னார். அடுத்ததுல எப்படிப் பாக்கறது, அந்த ஃபால் அந்தப் பழைய ரெக்கார்டுலதானே உக்காந்திருக்கு.

ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. எலும்பு உடைஞ்சது அன்னைக்கு நடந்த உண்மை, தெரிஞ்சதுதான் லேட்டு. "வரமாட்டார்"ங்கறது அன்னைக்கு இருந்த முடிவு, அது மாறினது லேட்டு. மொதல் வகைன்னா திருத்தணும், ரெண்டாவது வகைன்னா அப்படியே விடணும்.

இப்போ திருத்தற வழி. எதுக்கும் முன்னாடி வேலிடேஷன் ரிப்போர்ட்டை எடுத்து அந்த ரெக்கார்டு அக்செப்ட் ஆயிருக்கான்னு பாருங்க. ரிஜெக்ட் ஆயிருந்தா அது மெடிகேரை நடத்தற சிஎம்எஸ்-ஓட சிஸ்டத்துலயே இல்ல, அதுக்குத் திருத்தம்னு ஒண்ணு கிடையாது, சரி பண்ணி புது ரெக்கார்டாவே அனுப்பறதுதான். முடிச்சு ஏழு நாளுக்குள்ள, இன்னும் அனுப்பலன்னாலும் சாதாரணமா எடிட் பண்ணிக்கலாம். அக்செப்ட் ஆனப்புறம்தான் கதையே. சிலர் சாஃப்ட்வேர்ல ரெக்கார்டை அன்லாக் பண்ணி, கட்டத்தை மாத்தி, திரும்பப் பூட்டிடறாங்க, அனுப்பறதில்ல. நம்ம கம்ப்யூட்டர்ல ஒண்ணு, சிஎம்எஸ்-ல ஒண்ணுன்னு ரெண்டு உண்மை ஆயிடும். தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க, அதைவிடத் தப்பாவே இருக்கறது மேல்.

அக்செப்ட் ஆனதைத் திருத்த ரெண்டு வழி, ஏ0050-ல 2 போட்டா மாடிஃபை, 3 போட்டா இன்ஆக்டிவேட். மூணாவதா பேப்பர் வழி ஒண்ணு இருக்கு, ஸ்டேட்டுக்கு எழுதிக் கொடுத்து அவங்க கையால எடுக்கறது. டெஸ்ட்டுக்கு அனுப்பறதா நினைச்சு நெஜத்துல அனுப்பிட்டாலோ, வேற ஃபெசிலிட்டி ஐடில போயிட்டாலோ, ஏ0410-ல யூனிட் சர்ட்டிஃபிகேஷனைத் தப்பா போட்டுட்டாலோ அது. அபூர்வமாத்தான் வரும்.

நடந்த விஷயம் நெஜம், கட்டத்துல விழுந்த பதில்தான் தப்புன்னா மாடிஃபை. அந்த விஷயமே நடக்கலன்னா இன்ஆக்டிவேட். உங்க ஈஆர் தாத்தா இந்த இன்ஆக்டிவேட் வகை. ஹாஸ்பிட்டல்ல அட்மிட் பண்ணல, 24 மணி நேரத்துக்குள்ள திரும்பிட்டார், அப்போ எம்டிஎஸ் கணக்குல அவர் டிஸ்சார்ஜே ஆகல. டிஸ்சார்ஜ் ஆகாதவருக்கு என்ட்ரி எங்கேர்ந்து வரும்? ரெண்டு ரெக்கார்டையும் இன்ஆக்டிவேட் பண்ணணும், எக்ஸ்1050-ல "ஈவன்ட் நடக்கல"ங்கறதை டிக் பண்ணணும். இன்ஆக்டிவேஷனுக்கு முழு ரெக்கார்டும் போகாது, செக்‌ஷன் எக்ஸ் மட்டும்தான் போகும். ஒரு விஷயம் மட்டும் கவனிங்க. அந்தப் பொய் டிஸ்சார்ஜை நம்பி அதுக்கப்புறம் யாராவது அவருக்குப் புது அட்மிஷன் அசெஸ்மென்ட் போட்டிருந்தாங்கன்னா குவார்ட்டர்லி ஷெட்யூலே தடம் மாறியிருக்கும், மொத்த வரிசையையும் ஒரு பேப்பர்ல தேதி போட்டு எழுதிப் பாத்துட்டு அப்புறம் கை வைங்க.

மாடிஃபை பண்ண முடியாத இடமும் இருக்கு. அசெஸ்மென்ட் வகையை மாத்தப் போயி ஐட்டம் செட்டே மாறுதுன்னா முடியாது, உதாரணத்துக்கு குவார்ட்டர்லின்னு அனுப்பினது உண்மையில ஆனுவல்னா ரெண்டுலயும் கேள்வியே வேற வேற. அதை இன்ஆக்டிவேட் பண்ணிட்டு புதுசா போடணும், புதுசுக்கு ஏஆர்டி பின்தேதி போட முடியாது, இன்னைக்கோ இனிமேலோதான். அப்போ அது லேட் அசெஸ்மென்ட். பார்ட் ஏ பணத்துக்காகப் போடற அஞ்சாம் நாள் பிபிஎஸ் அசெஸ்மென்ட்ல இப்படி ஆச்சுன்னா லேட்டான நாளுக்கு டிஃபால்ட் ரேட், பில்லுல இஸட் இஸட் இஸட் இஸட் இஸட்னு போகும், பில்லிங் ஆபீஸ்ல கத்துவாங்க. அதனால இன்ஆக்டிவேட் பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிங்க, அழுத்தினப்புறம் பழையது திரும்பாது.

ஏஆர்டி-யும் அப்படித்தான். வொர்க்‌ஷீட், இன்டர்வியூ, நோட்ஸ் எல்லாம் 12ஆம் தேதியோட முடியுது, டைப் பண்ணும்போது 21ன்னு விழுந்துருச்சுன்னா அது டைப்பிங் தப்பு, மாடிஃபை. ஆனா நெஜமாவே ஏஆர்டி 28ன்னு வச்சு முடிச்சாச்சு, அப்புறம் பாத்தா ஐவி மருந்து 12ஆம் தேதியோட முடிஞ்சிருக்கு, 14 நாள் லுக்பேக் 15லேர்ந்துதான் ஆரம்பிக்குது, 25ன்னு மாத்தினா ஐவி உள்ள வந்துடுமேன்னு தோணும் பாருங்க, அது முடியாது. கை விட்டது விட்டதுதான்.

இப்போ செக்‌ஷன் எக்ஸ். இதை ஒருதரம் சரியா கத்துக்கிட்டா போதும். எக்ஸ்0200லேர்ந்து எக்ஸ்0700 வரைக்கும் பேரு, பாலினம், பொறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி, அசெஸ்மென்ட் வகை, தேதின்னு கேக்கும். அங்க சரியான விவரத்தைப் போடக்கூடாது, போனதுல என்ன இருந்துச்சோ அதை எழுத்து பிசகாம அப்படியே போடணும். நம்ம ஆளுங்க பேரையே எடுத்துக்கங்களேன், இனிஷியலை லாஸ்ட் நேம்ல போட்டு, அப்பா பேரை ஃபர்ஸ்ட் நேம்ல போட்டு ஏகப்பட்ட கூத்து நடக்கும். பேரைத் தப்பா அனுப்பிட்டீங்க, அதைத்தான் திருத்தறீங்கன்னு வச்சுக்கங்க, எக்ஸ்0200-ல அந்தத் தப்பான பேரு, ஏ0500-ல சரியான பேரு. சிஸ்டம் பழைய ரெக்கார்டைத் தேடிப் பிடிக்கறதுக்கான அடையாளம்தான் எக்ஸ், அங்க போயி சரி பண்ணி வச்சா அதுக்கு ஆளே தெரியாது, ரிஜெக்ட் ஆயிடும். நான் மொத தடவை பண்ணினப்போ மூணு முறை ரிஜெக்ட் ஆகி அழாத குறை.

எக்ஸ்0800 இது எத்தனாவது திருத்தம்னு கேக்கும், மொத தடவைன்னா 01. எக்ஸ்0900-ல காரணம்: பேப்பர்லேர்ந்து எடுத்தெழுதும்போது வந்த தப்பா, டைப்பிங்கா, சாஃப்ட்வேரா, கோடிங்கைத் தப்பா புரிஞ்சு போட்டதா, வேறயா. எக்ஸ்1100-ல ஆர்என் அசெஸ்மென்ட் கோஆர்டினேட்டர் கையெழுத்து போடணும். நீங்க எல்பிஎன், அதனால உங்களால போட முடியாது, ஆர்என் ஒருத்தர் உக்காந்து பாத்துத்தான் போடணும். போயிட்ட அந்த அக்கா பேர்லயும் யாரும் போடக்கூடாது, இதைச் சொல்லணுமான்னு நினைக்காதீங்க, நடந்து பாத்திருக்கேன். மாடிஃபிகேஷன்ல மாறின கட்டம் மட்டும் போகாது, முழு ரெக்கார்டும் மறுபடி போகும், பழையது ஹிஸ்டரிக்குப் போயிடும். இஸட்0500பி-ல இருக்கற பழைய கம்ப்ளீஷன் தேதியை மாத்தாதீங்க, அந்தத் தேதியே தப்பா இருந்தா மட்டும்தான் மாத்தணும். திருத்தின தேதி எக்ஸ்1100-ல வருது, போதும். கையெழுத்து போட்ட திருத்தக் காப்பி ரெசிடென்ட்டோட ரெக்கார்டுல போகணும்.

கால அளவு ரெண்டு ஞாபகம் வச்சுக்கங்க. தப்புன்னு கண்டுபிடிச்ச நாள்லேர்ந்து 14 நாளுக்குள்ள திருத்தணும். அந்த ரெக்கார்டோட டார்கெட் தேதிலேர்ந்து (ஏஆர்டி, என்ட்ரி, இல்ல டிஸ்சார்ஜ் தேதி) ரெண்டு வருஷம் தாண்டிட்டா சிஸ்டம் வாங்காது. நடுவுல அதுக்கப்புறம் நாலு அசெஸ்மென்ட் போயிருந்தாலும் பழையதைத் திருத்தலாம், அது தடையில்ல. உங்க 14 நாள் நீங்க சார்ட்ல அந்த ஸ்லஃப் நோட்டைப் பாத்த அன்னைக்கே ஓட ஆரம்பிச்சாச்சு. டிஓஎன் ஒத்துக்கற வரைக்கும் அது காத்திருக்காது.

அந்தப் புண்ணுக்கு வரேன். ஸ்டேஜ் 2ன்னா மேலோட்டமா தோல் போயிருக்கும், அடி செவப்பா இல்ல இளஞ்செவப்பா ஈரமா இருக்கும், ஸ்லஃப் இருக்கவே கூடாது. ஸ்லஃப் இருந்தா ஸ்டேஜ் 2 இல்ல, அவ்வளவுதான். ஆனா உடனே 3ன்னு போட்டுடாதீங்க. ஸ்லஃப் அடி முழுக்க மூடி ஆழம் தெரியலன்னா அன்ஸ்டேஜபிள், எம்0300எஃப். ஆழம் தெரியுற அளவு விலகியிருந்தா 3 இல்ல 4. அந்த ஏழு நாளுக்குள்ள யாரு அளந்தாங்க, என்ன எழுதினாங்க, போட்டோ இருக்கா, ஊண்ட் டாக்டர் வந்தாரா, எல்லாத்தையும் எடுத்து வைங்க. அந்த வாரத்து நோட் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரண்படுதுன்னா அந்த ஊண்ட் நர்ஸ் இன்னும் வேலையில இருக்காங்களான்னு பாத்து கேளுங்க, ஆனா அஞ்சு மாசம் கழிச்சு "லேட் என்ட்ரி"ன்னு புது நோட் எழுத வைக்காதீங்க. திருத்தத்துக்கு ஆதாரம் தேடறது வேற, திருத்தத்துக்காக ஆதாரம் தயாரிக்கறது வேற. கையில இருக்கறது பத்தலன்னா தொடாம விடறதுதான் நேர்மை.

ஆதாரம் இருந்தா எம்0300-ஐ மாடிஃபை பண்ணணும், எக்ஸ்0900-ல ஐட்டம் கோடிங் எரர். அதோட முடியாது, இது பெரிய தப்பான்னு ஒரு கேள்வி இருக்கு. ரெசிடென்ட்டோட மொத்த நிலைமையே தப்பா காட்டியிருக்கு, இல்ல அதனால கேர் பிளானே தப்பாப் போச்சு, அதுக்கப்புறம் போன அசெஸ்மென்ட் எதுவும் அதைச் சரி பண்ணல, இப்படின்னா மாடிஃபிகேஷன் மட்டும் போதாது, தப்பு தெரிஞ்ச 14 நாளுக்குள்ள ஏஆர்டி வச்சு "சிக்னிஃபிகன்ட் கரெக்‌ஷன்" அசெஸ்மென்ட் ஒண்ணு புதுசா பண்ணணும். உங்க கேஸ்ல அஞ்சு மாசம் ஆச்சு, நடுவுல இன்னொரு குவார்ட்டர்லி போயிருக்கணும். அதுல புண்ணு சரியா வந்திருந்தா மாடிஃபை மட்டும் போதும். அதுலயும் அதே ஸ்டேஜ் 2 இருந்தா, ரெண்டையும் திருத்தி, இப்போ பாட்டியை நேர்ல போய்ப் பாருங்க. நெஜமா சொல்றேன், கம்ப்யூட்டரைத் திறக்கறதுக்கு முன்னாடி அந்த ரூமுக்குப் போங்க. மெத்தை எது போட்டிருக்கு, ரெண்டு மணிக்கொருதரம் திருப்பறாங்களா, டயட்டீஷியன் பாத்தாங்களா. அஞ்சு மாசமா ஸ்டேஜ் 2ன்னு நம்பி யாராவது சாதாரண மெத்தையிலயே வச்சிருந்தா, எக்ஸ்0900-ல டிக் போடறதா முக்கியம்?

இன்டர்வியூ கட்டங்கள்தான் கொஞ்சம் கஷ்டம். பிஐஎம்எஸ்ங்கற ஞாபகசக்தி இன்டர்வியூவைக் கேக்காம விட்டு டேஷ் (பதில் இல்லைங்கற கோடு) போட்டு அனுப்பியிருந்தா, இப்போ போயி கேட்டு பழைய ரெக்கார்டுல ரொப்ப முடியாது. மூணு மாசம் கழிச்சு கேட்ட பதில் அன்னைக்கு உள்ள பதில் இல்ல. ஆனா பேப்பர் ஷீட் கையில இருக்கு, டைப்பிங்ல மாறிப்போச்சுன்னா கட்டாயம் திருத்தணும். ஒரு அம்மாவுக்கு ஷீட்ல ஸ்கோர் 13, எம்டிஎஸ்-ல 03ன்னு போயிருந்துச்சு. ஒத்த எழுத்துதான். 13ன்னா ஞாபகம் நல்லா இருக்கு, 3ன்னா நல்ல மறதி. கேர் பிளான் மீட்டிங்குக்கு அவங்க பொண்ணு வந்து உக்காந்து "எங்கம்மாவுக்கு மறதின்னு எவன் சொன்னான், நேத்துகூட என் கிரெடிட் கார்டு நம்பரை மனப்பாடமா சொன்னாங்க"ன்னு சத்தம் போட்டப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. அது பார்ட் ஏ-ல அஞ்சாம் நாள் அசெஸ்மென்ட். பிடிபிஎம்-ல மறதி இருந்தா ஸ்பீச் பாகத்துக்குப் பணம் கூடும், பில்லுல போற ஹிப்ஸ் கோட்ல ரெண்டாவது எழுத்து அதுதான். மாடிஃபை பண்ணினதும் எழுத்து மாறிடுச்சு, பில்லையும் திருத்தி கூட வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தோம். கூடுதலா வாங்கிட்டோம்னு தெரிஞ்சா 60 நாளுக்குள்ள சொல்லித் திருப்பணும்ங்கறது சட்டம். அதனால ஹிப்ஸ் மாறுதுன்னா எம்டிஎஸ் ரூமோட நிறுத்திடாதீங்க, பில்லிங்குக்கு அன்னைக்கே எழுதிப் போடுங்க. பணம் கூடற பக்கம் திருத்தம் வந்தா மட்டும் சுறுசுறுப்பா ஓடற ஆபீஸ் நிறைய உண்டு, ஆடிட்டர் கண்ணுக்கு அதுதான் மொதல்ல படும்.

ஒரு தப்பு கிடைச்சா அது தனியா வந்திருக்காதுன்னு வச்சுக்கங்க. போனவங்க ஒரு விஷயத்தைத் தப்பா புரிஞ்சிருந்தா எல்லார் ரெக்கார்டுலயும் அதே தப்புதான் இருக்கும். நான் அடிக்கடி பாக்கறது ரெண்டு. குளோபிடோக்ரெலையும் ஆஸ்பிரினையும் ஆன்ட்டிகோஆகுலன்ட்னு போடறது. அது ஆன்ட்டிபிளேட்லெட், என்0415-ல ஐ, வார்ஃபரின், அபிக்ஸபான்தான் இ. ரெண்டாவது ஜிஜி, ஒருத்தர் தானே எவ்வளவு செய்வார்னு கேக்கற பகுதி. 2023 அக்டோபர் 1-ல செக்‌ஷன் ஜி-யை எடுத்தாங்க, ஆனா பழைய ஆளுங்க கைல ஜி-யோட பழக்கம் போகல. ஜி-ல 0ன்னா தானே செய்வார், நம்பர் ஏற ஏற உதவி கூடும். ஜிஜி-ல தலைகீழ், 06ன்னா தானே செய்வார், 01ன்னா முழுக்க அடுத்தவங்கதான். "01தானே, கொஞ்சம் உதவி"ன்னு நினைச்சு போட்டுட்டு நடமாடற ஆளைப் படுத்த படுக்கையா காட்டியிருப்பாங்க. அதே சமயம் தெரபிஸ்ட் 04ன்னாங்க, எய்டு 03ன்னு எழுதினாங்க, டீம் பேசி 03ன்னு முடிவு பண்ணிச்சு, இது தப்பில்ல. கருத்து வித்தியாசத்தைப் பொய்ன்னு ரெகுலேஷனே சொல்லல. அதையெல்லாம் பின்னாடி போயி கிண்டாதீங்க.

ஸ்கிட்ஸோஃப்ரினியா மட்டும் தனியாச் சொல்லணும். ஆன்ட்டிசைக்காட்டிக் மருந்து எவ்வளவு பேருக்குக் கொடுக்கறாங்கங்கற மெஷர்லேர்ந்து அந்த டயக்னோசிஸ் இருக்கறவங்களை விலக்கிடுவாங்க, அதனால எண்பது வயசுல டிமென்ஷியா இருக்கற தாத்தாவுக்கெல்லாம் திடீர்னு ஐ6000 டிக் ஆச்சு. 2023 ஜனவரியில சிஎம்எஸ் இதுக்குன்னே ஆடிட் பண்றதா அறிவிச்சாங்க. சிக்கினா குவாலிட்டி மெஷர் ஸ்டார் ஆறு மாசத்துக்கு ஒண்ணா இறங்கும், லாங் ஸ்டே ஆன்ட்டிசைக்காட்டிக் மெஷரை ஒரு வருஷம் மறைச்சுடுவாங்க. ஆடிட்டுக்கு முன்னாடியே தப்புன்னு ஒத்துக்கிட்டு சரி பண்ற இடத்துக்குக் கொஞ்சம் குறைச்சலா நடவடிக்கைன்னும் அப்போ சொன்னாங்க. உங்க பழைய ரெக்கார்டுல ஐ6000 இருக்கற ஒவ்வொரு ஆளோட சைக்கியாட்ரி நோட்டையும் எடுத்துப் பாருங்க. ஆனா டயக்னோசிஸை எடுக்கறதும் வைக்கறதும் டாக்டர் வேலை, உங்களுக்குச் சந்தேகம்னா அவர்கிட்ட எழுதிக் கேளுங்க, நீங்களா எடுத்துடாதீங்க.

டிஓஎன் பயப்படறது புரியுது. ஆனா சர்வேயர் திருத்தின ரெக்கார்டைப் பாத்து தப்பு பிடிக்கறது குறைவு, சார்ட்டையும் எம்டிஎஸ்-ஐயும் பக்கத்துல வச்சு ஒத்துவரலன்னுதான் எஃப்641ங்கற குறை போடுவாங்க. திருத்தினா அந்த வித்தியாசம் போயிடுது, விட்டா அப்படியே இருக்கு. அதுவும் உங்களுக்குத் தெரிஞ்சும் விட்டீங்கன்னா அது வேற மாதிரி. தெரிஞ்சே பொய்யா சர்ட்டிஃபை பண்ணினா அசெஸ்மென்ட்டுக்கு 1,000 டாலர் வரைக்கும், அடுத்தவங்களைப் பண்ண வச்சா 5,000 வரைக்கும் அபராதம்னு ரெகுலேஷன்ல எழுதியிருக்கு, பணவீக்கத்துக்கு ஏத்தமாதிரி அது இப்போ இன்னும் ஏறியிருக்கும். இதை டிஓஎன் கிட்ட மிரட்டற மாதிரி சொல்லாதீங்க, ரெண்டு மாசம்தானே ஆச்சு வேலைக்கு வந்து. "மேம், பாட்டி புண்ணைப் பாத்தேன், நோட் இப்படி இருக்கு, 14 நாள் இன்ன தேதிக்கு முடியுது, ஆர்என் கையெழுத்து வேணும்"னு ஒரு ஈமெயில் போடுங்க. ரெசிடென்ட் பேரை எழுதாம ரூம் நம்பரோ எம்ஆர் நம்பரோ, உங்க இடத்துல எது பழக்கமோ அதைப் போடுங்க. வாய்ல சொன்னது காத்துல போயிடும், ஈமெயில்ல தேதி நிக்கும்.

ஒரு கணக்கு மட்டும் அவங்களுக்குப் பிடிக்கலாம். எஸ்என்எஃப் கியூஆர்பிங்கற மெடிகேர் தர ரிப்போர்ட்டுக்கு குவார்ட்டர் முடிஞ்சு நாலரை மாசம் வரைக்கும்தான் திருத்தம் கணக்குல வரும், அப்புறம் அந்த குவார்ட்டர் டேட்டா உறைஞ்சுடும். அதுக்கப்புறமும் ரெக்கார்டைத் திருத்தலாம், திருத்தணும், ஆனா அந்த மெஷர்ல அது ஏறாது. பார்ட் ஏ-ல டேஷ் விழுந்து கிடக்கற கட்டம் இருந்து, கையில பேப்பர் ஆதாரமும் இருந்தா, அந்தத் தேதிக்கு முன்னாடி முடிச்சுடுங்க. வேண்டிய கட்டம் எல்லாம் 100 சதவீதம் ரொப்பின அசெஸ்மென்ட்டுங்க மொத்தத்துல 90 சதவீதத்துக்குக் கீழ போனா வருஷ ரேட் உயர்வுல 2 சதவீதப் புள்ளி வெட்டுவாங்க.

அப்போ திங்கக்கிழமை நீங்க போனதும், பாட்டி ரூம் மொதல்ல. அப்புறம் தாத்தாவோட ஈஆர் பேப்பர்ல அட்மிட் ஆகலன்னும், திரும்பின நேரமும் இருக்கான்னு பாத்து ரெண்டு இன்ஆக்டிவேஷன். அதுக்கப்புறம் புண்ணோட குவார்ட்டர்லி, நடுவுல போன அடுத்த குவார்ட்டர்லியையும் பக்கத்துல வச்சுக்கிட்டு. மூணாவது ஆளோட ஃபைலை மூடி உள்ள வச்சுடுங்க, ஆனா அவர் திரும்பி வந்தப்போ அட்மிஷன் அசெஸ்மென்ட் 14 நாளுக்குள்ள முடிஞ்சுதான்னு ஒருதரம் பாத்துட்டு மூடுங்க. செக்‌ஷன் எக்ஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னா வேலிடேஷன் ரிப்போர்ட்ல வர்ற எரர் நம்பரை இங்க போடுங்க, ஆளோட விவரம் எதுவும் இல்லாம, பாத்துச் சொல்றேன்.